மன்னாரில் கிடைத்த பாடு

லோகாக்காவைப் பார்த்து யாராவது ‘பாவம்’ என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புருஷன் போய்விட்டான், ஆண் பிள்ளை இல்லை, பாவம் என்பார்கள். ஏரிக்கரையில் எறா ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய், பொன்னேரி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னாலிருக்கும் சீட்டை இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுக்காத பொம்பளை அவள். தெரியாமல் அதில் உட்கார்ந்த ஒரு போலீஸ்காரரையே எழுப்பிவிட்டிருக்கிறாள். பாவம் பார்ப்பதென்றால் அந்தப் போலீஸ்காரரைப் பார்க்கலாம்.

நான் அம்பிகா. அவளுக்கு அடுத்த வீடு. கருவாடு போடுகிறேன். அவளைவிடச் சின்னவள் என்பதால் அக்கா என்கிறேன். சண்டை வந்தால் லோகாம்பாள் என்று முழுப் பெயரையும் சொல்லித்தான் கூப்பிடுவேன். பழவேற்காட்டுப் படகுத்துறையில் நின்று பார்த்தால் எங்கள் குப்பத்துக் கோயில் விளக்கு தெரியும். அவ்வளவு பக்கம்.

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எறா நிற்கும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதற்கு வீட்டுக்கு வீடு முறை வைத்திருக்கிறோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வருஷம் ஒருதரம், தை மாதத்தில், கோயில் முன்னால் ஊர் கூடும். வீட்டுக்கு ஒரு பொருளைப் பானைக்குள் போடுவார்கள். ஒரு வீட்டுக்குச் சங்கு, ஒரு வீட்டுக்குக் கயிற்று முடிச்சு, எங்கள் வீட்டுக்கு உடைந்த பித்தளைச் சாவி. தலைவர் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து, “யாருது?” என்பார். உடையவன் எழுந்து நின்று, “என் பாடு” என்று ஊருக்கே கேட்கச் சொல்ல வேண்டும். எடுத்த வரிசைதான் அந்த வருஷத்து வரிசை. பாடு வந்த அன்றைக்குப் பொழுது சாயும்வரை அந்த இடம் அவனுடையது. கண்ணெதிரே எறா துள்ளினாலும் அடுத்தவன் அங்கே கழி ஊன்றமாட்டான்.

லோகாக்கா வீட்டுப் பொருள் ஓர் ஈயக்குண்டு. வலையின் அடிக்கயிற்றில் கட்டுவது. அவள் புருஷன் பச்சைமுத்து அண்ணன் இருந்தவரை அந்தக் குண்டு பானைக்குள் விழுந்துகொண்டிருந்தது. பாடு வந்த நாளில் இரண்டு பேருமாகத்தான் போவார்கள். அவர் வலை இறக்குவார், அவள் கழி ஊன்றிப் படகைத் தள்ளுவாள். அவளைப்போல் சத்தமில்லாமல் தள்ள எங்கள் குப்பத்து ஆம்பளைகளில் பாதிப் பேருக்கு வராது. என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அண்ணன் மஞ்சள்காமாலையில் போன பிறகு வந்த கூட்டத்தில், தலைவர் ஜெகதீஸ்வரன் மாமா அந்தக் குண்டை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

“தண்ணில எறங்கறவனுக்குத்தாம்மா பாடு. ஆம்பளை இல்லாத வூட்டுக்குக் கெடையாது. நான் வச்ச வழக்கம் இல்ல இது” என்றார்.

மாமா கெட்டவர் இல்லை. வழக்கம் என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளையையும் பார்க்கமாட்டார் என்று பெயரெடுத்தவர். அதுதான் தொல்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு தையிலும் லோகாக்கா குண்டோடு போய் நின்றாள். “நானே எறங்கறேன் மாமா, படகு தள்ளினவளுக்கு வலை எறக்க வராதா?” என்பாள். ஆம்பளைகள் சிரிப்பார்கள். “சேலைய இன்னா பண்ணுவ?” என்று ஒருத்தன் கேட்பான். ஒரு வருஷம் அழுதுகூடப் பார்த்தாள். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் திட்டினேன். போன மார்கழியில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “இந்தத் தடவ கேப்பேன் அம்பிகா. இல்லன்னா, குண்ட ஏரியில போட்டுட்டு என் வேலையப் பாப்பேன்.” சொன்னால் செய்கிறவள்.

அந்த நேரத்தில்தான் இலங்கைப் பயணம் வந்தது. அவள் மகள் சென்னையில் ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வேலை செய்கிறவர்களுக்கு வருஷத்தில் இரண்டு சீட்டு இலவசமாம். அந்த வருஷம் மிச்சமிருந்தது ஒரே பயணம்: யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் போய், அங்கிருந்து வேனில் மன்னார் போய்ப் பறவை பார்த்துவிட்டு வருவது. அம்மாவும் அம்பிகா அத்தையும் போய்விட்டு வாங்க என்று பாஸ்போர்ட் எடுக்க வைத்தாள். நாங்கள் பறவை பார்க்கப் போகிறோம் என்று குப்பத்தில் தெரிந்ததும் சிரிக்காத வாயில்லை. “ஏரியில கீற நாரைங்கோ கோச்சிக்கினு போச்சா?” என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். எங்கள் குப்பத்திலிருந்து விமானம் ஏறிய முதல் இரண்டு பொம்பளைகள் நாங்கள்.

விமான நிலையத்தில் பையைச் சோதித்த இடத்தில் மானம் போயிருக்கும். எந்திரத்துக்குள் போன பையை நிறுத்திவிட்டு ஓர் அதிகாரி, “உருண்டையா இது என்னம்மா?” என்று கேட்டார்.

“குண்டு சார்” என்றாள் லோகாக்கா.

எனக்கு உயிரே போய்விட்டது. “வலையில கட்ற ஈயம் சார்! மீன் வலை!” என்று நான் அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். பையைப் பிரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, சிரித்துவிட்டுக் கொடுத்தார்கள். “இத்த ஏங்க்கா தூக்கிக்கினு வந்த?” என்று கேட்டதற்கு, “வூட்ல யார நம்பி வுட்டுட்டு வர்றது?” என்றாள். பழவேற்காட்டிலிருந்து விமான நிலையம் வந்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, யாழ்ப்பாணத்தில் இறங்கிவிட்டோம்.

மறுநாள் மன்னாரில். இப்படி வேலையே இல்லாத ஒரு நாளை நான் கல்யாணத்துக்கப்புறம் பார்த்ததில்லை. இடியப்பமும் சொதியும் நாஸ்டா. நாம் எழுந்து போகாமலே டீ வருகிறது. ரோட்டில் கழுதைகள் அவற்றின் பாட்டுக்கு நடந்துபோகின்றன; வேன்தான் ஒதுங்கிப் போகிறது. எங்கள் கூட்டத்தில் மற்றவர்கள் எல்லாரும் சென்னைக்காரர்கள். தொப்பியும் கேமராவுமாக இருந்தார்கள். வழிகாட்டி சந்தியாகு அந்த ஊர்ப் பையன், முப்பது வயதிருக்கும். அவன் பேச்சு பாட்டுப் பாடுகிற மாதிரி இருந்தது. எங்கள் ஏரி மாதிரியே இருந்த ஒரு கடனீரேரி ஓரமாக, ஒரு மரத்தடியில் எங்களை இறக்கி, மூன்று கால் வைத்த பெரிய தொலைநோக்கி ஒன்றை நிறுத்தினான். அவ்வளவு பேருக்கும் அது ஒன்றுதான்.

தூரத்தில் தண்ணீருக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு. கோட்டில் அங்கங்கே சிவப்பு.

“பூநாரை” என்றான் சந்தியாகு பெருமையாக.

லோகாக்கா என்னைப் பார்த்தாள். “இதுக்கா பாஸ்போர்ட் எடுத்தோம்?”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் ஏரியில் பனிக்காலம் முழுக்க அதே கோடுதான். பூநாரை நிற்கிறது என்றால் அங்கே தண்ணீர் முழங்காலளவுகூட இல்லை, படகைத் திருப்பு என்று அர்த்தம். அதைத் தாண்டி நாங்கள் அதைப் பார்த்ததில்லை. பார்க்க யாருக்கு நேரம்?

சந்தியாகு வரிசை வைத்தான். முன்னால் நின்றது லோகாக்கா. “அம்மா, இப்ப உங்கட முறை. கண்ண வச்சுப் பாருங்கோ” என்றான்.

முறை என்ற சொல் அவள் காதில் விழுந்ததும் முகம் மாறியதை நான் பார்த்தேன். கோயில் முன்னால் நிற்கிறவள் மாதிரி முந்தானையை இழுத்துச் செருகினாள். “என் பாடு” என்று சத்தமாகச் சொன்னாள். பக்கத்து மரத்துக் காக்கைகூடப் பறந்தது. பிறகு குனிந்து கண்ணை வைத்தாள்.

வைத்தவள் எடுக்கவில்லை.

முதலில் எல்லாரும் சிரித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு தண்ணீர் குடித்தார்கள். பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். கேமராக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நான் அவள் இடுப்பில் கிள்ளினேன். அவள் நகரவில்லை. “கண்ணு மஞ்சளா கீதுடி அம்பிகா. இத்தினி வருஷம் கண்ணு இன்னா கலர்னு தெரியாமலே படகத் திருப்பிக்கினு இருந்தோம்” என்றாள், கண்ணை எடுக்காமல்.

“அம்மா, காணுமோ? மற்ற ஆக்களும் பாக்க வேணும் எல்லோ” என்றான் சந்தியாகு, தயங்கித் தயங்கி. காணுமோ என்றால் அங்கே போதுமா என்று அர்த்தம்.

“எப்பிடி? இன்னிக்கி என் பாடுன்னு நீதான சொன்ன?”

“ஓம், சொன்னன்…”

“அப்போ பொழுது சாயறவரைக்கும் என்னுது.”

அவள் விளையாடவில்லை. எனக்கு அது தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பொம்பளைக்கு வாழ்க்கையில் யாரோ ஒருத்தர் முதல்முறையாக, உன் முறை என்று சொல்லியிருக்கிறார்கள். எப்படி விடுவாள்? நான்தான் எல்லாருக்கும் பாடு என்றால் என்ன என்று சொன்னேன், பானை, குண்டு, பொழுது சாயும் கணக்கு எல்லாவற்றையும். கடிகாரத்தைத் தட்டியவர் தட்டுவதை நிறுத்தினார்.

லோகாக்கா நிமிர்ந்தாள். அவ்வளவு பேர் வெயிலில் நிற்பதை அப்போதுதான் பார்த்தாள் போல. “அய்ய, வந்த எடத்துல ஒரே சாமான். நாளு கணக்கு வெச்சா கட்டுப்படி ஆவாது” என்றாள். உடனே சந்தியாகுவின் தொப்பியைக் கேட்டு வாங்கி, “ஆளுக்கு ஒண்ணு போடுங்கோ. எடுக்கறபடி வரிசை. ஆளுக்குக் கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்துல யாரும் வாய தொறக்கக் கூடாது, அது அவங்க பாடு” என்றாள். கேமரா மூடி, வீட்டுச் சாவி, இருமல் மிட்டாய், என் ஹேர்பின் எல்லாம் விழுந்தன. அவள் மடியிலிருந்து ஈயக்குண்டை எடுத்துப் போட்டாள். தொப்பி தொங்கியது.

எல்லாரும் போட்ட பிறகு அவள் மரத்தடியைப் பார்த்தாள். அங்கே மடக்கு நாற்காலியில் கங்காதரன் ஐயா உட்கார்ந்திருந்தார். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கப் பறவை பார்த்த மனுஷர். இப்போது கண் நோயில் பார்வை போய், வெளிச்சமா இருட்டா என்று மட்டும்தான் தெரியும். வீட்டில் வைத்துவிட்டு வர மனசில்லாமல் அவர் மனைவி கஸ்தூரியம்மாள் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“நைனா, நீ போடல?” என்றாள் லோகாக்கா. எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

“எனக்கு எதுக்கும்மா? நீங்கள்லாம் பாருங்க” என்றார் அவர்.

“அவருக்குத் தெரியாதுங்க” என்று கஸ்தூரியம்மாள் மெதுவாகச் சொன்னார். கேமராக்காரரும், “அவரை எதுக்குச் சிரமப்படுத்தணும், அந்த நேரத்தை மத்தவங்களுக்குக் கொடுத்துடலாமே” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

லோகாக்காவுக்கு வந்தது பாருங்கள் கோபம்.

“கண்ணு தெரியலன்னா பாடு இல்லன்னு ஆயிடுமா? பாக்கறது வேற, பாடு வேற. அவரால பாக்க முடியலன்னா அவருக்கோசரம் யாரப் பாக்கச் சொல்றாரோ அவங்க பாக்கட்டும். ஆனா பாடு அவர்து. அத்த எடுத்து வேற ஆளுக்குக் குடுக்க நீ யாரு, நான் யாரு?”

சொல்லி முடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது. அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை தையிலும் நானே எறங்கறேன், நானே எறங்கறேன் என்று கெஞ்சியவளுக்கு, கேட்க வேண்டிய கேள்வி மன்னாரில் வந்து வாயில் விழுந்திருந்தது.

கங்காதரன் ஐயா சட்டைப்பையைத் துழாவி ஒரு பேனாவை நீட்டினார். அவர் பாடு வந்தபோது, “எனக்காக நீயே பாரும்மா. பார்த்துச் சொல்லு” என்றார். அவள் பார்த்துச் சொன்னாள். “தலையத் தலகீழா கவுத்து சேத்த அலசுது நைனா. காலை ஒண்ணொண்ணா தூக்கி வெக்குது, புதுப் பொடவ கட்டிக்கினு சேத்துல நடக்கறவ மாதிரி. இப்போ ஒண்ணு றெக்கைய விரிக்குது. உள்ளுக்குள்ள அத்தினியும் செவப்பு. வெளிய காட்டிக்காம வெச்சிருந்திருக்குது.” ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சிரித்தார். கன்னத்தில் தண்ணீர் வழிந்ததைக் கஸ்தூரியம்மாள் துடைக்கவில்லை. அவர் பாடு முடியும்வரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, கழுதை ஒன்று கத்தியதைத் தவிர. அன்றைக்குச் சாயங்காலம்வரை நாங்கள் அந்த மரத்தடியை விட்டு அசையவில்லை. சந்தியாகு போகும்போது, “அம்மா, இனி வாற ஆக்களுக்கும் இதே வரிசைதான்” என்றான். எனக்கு நெஞ்சு இரண்டு சுற்றுப் பெருத்தது. எங்கள் குப்பத்து வழக்கம் கடல் தாண்டிப் போய்விட்டதே!

ஊர் திரும்பிய வாரமே கூட்டம். கோயில் முன்னால் பானை வைத்தாயிற்று. ஆம்பளைகள் உள் வட்டம், நாங்கள் வெளி வட்டம். லோகாக்கா எழுந்ததும் வழக்கம்போல் சிரிப்பு. “மன்னாரு நாரை வந்திச்சி” என்று ஒருத்தன் சொன்னான்.

அவள் இந்தத் தடவை கெஞ்சவில்லை. “மாமா, ஒண்ணு கேக்கறேன். உங்க புள்ள முத்துராஜ் எங்க கீறான்?”

“மஸ்கட்ல. தெரியாத மாதிரி கேக்கற?”

“அவன் பாடு வர்ற அன்னிக்கி யார் எறங்கறது?”

“அவன் மச்சான்.”

“மஸ்கட்ல கீறவன் எப்பிடி நம்ம ஏரியில எறங்குவான்? எறங்கறது வேற, பாடு வேறன்னுதான அவனுக்குக் குடுத்தீங்க? நாலு கடல் தாண்டிக் கீறவனுக்கு ஆள் வெக்கலாம். ஏரிக்கரையில கீற நான் வெக்கக் கூடாதா?”

சிரிப்பு நின்றது. ஜெகதீஸ்வரன் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பெற்ற பிள்ளையையும் பார்க்கமாட்டார் என்று சொன்னேனே, அது உண்மைதான் என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

“அவ கேக்கறது ஞாயம். எறங்கறவனுக்குத்தான் பாடுன்னா, என் புள்ளைக்கும் கெடையாது. இந்த வருஷத்துலேர்ந்தே நிறுத்திடலாம். வெளிநாட்டுல கீற அத்தினி பேர்தும் நிறுத்திடலாம். இல்ல, ஆள் வெச்சா செல்லும்னா லோகாவுக்கும் செல்லும். ரெண்டுல ஒண்ணு நீங்களே சொல்லுங்கப்பா.”

உள் வட்டத்தில் துபாயில் தம்பி இல்லாதவன் யார், குவைத்தில் பிள்ளை இல்லாதவன் யார்? எல்லாரும் மணலைக் கிளற ஆரம்பித்தார்கள். சேலையை என்ன செய்வாய் என்று கேட்டவன்தான் முதலில், “லோகாக்கா போடட்டும், அதுல இன்னா இப்போ?” என்றான். அவன் அண்ணன் சவூதியில் இருக்கிறான்.

அவள் வெளி வட்டத்தைத் தாண்டி, உள் வட்டத்தைத் தாண்டிப் போனாள். மடியிலிருந்து குண்டை எடுத்தாள். பானைக்குள் அது விழுந்த சத்தம் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கும் கேட்டது.

சங்கு வந்தது, கயிறு வந்தது, எங்கள் வீட்டுச் சாவி வந்தது. ஒவ்வொரு தடவையும் லோகாக்கா பாதி எழுந்து உட்கார்ந்தாள். ஒருவழியாக மாமா கையில் கறுப்பாக அது வந்தது. எங்கள் எல்லாருக்கும் அது யாருடையது என்று தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் வழக்கப்படி தூக்கிக் காட்டிக் கேட்டார்: “யாருது?”

எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. பொன்னேரி பஸ்ஸில் போலீஸ்காரரை எழுப்பிய குரல், மன்னாரில் காக்கையைக் கிளப்பிய குரல், எங்கே போனதோ தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் கொட்டியது. எனக்கு அவளுக்காகக் கத்திவிடலாம் போல இருந்தது. ஆனால் அது என் பாடு இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமா கையை இறக்கவில்லை. அடுத்ததுக்கும் போகவில்லை. குண்டைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். ஊரும் காத்திருந்தது.

“என் பாடு!” என்றாள் லோகாக்கா. அடுத்த குப்பத்துக்கே கேட்டிருக்கும்.

“கேட்டுது, கேட்டுது. உக்காரு” என்றார் மாமா.

அவள் உட்காரவில்லை.